கோடைக்கால ஆய்வகத்துக்குக் கார்த்திகையிலேயே துண்டு போட வேண்டும்

சித்திரை வெயில் ஏறி, செமஸ்டர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகுதான் பல பி.எஸ்சி. மாணவர்கள் துறைத் தலைவர் அறை வாசலில் போய் நிற்கிறார்கள். "சார், லீவுல ஏதாவது கவர்மென்ட் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" அந்தக் கோடைக்கான முக்கியமான இடங்களுக்கு விண்ணப்பம் வாங்கி முடித்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும். பேருந்து கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாகத் துண்டு போட முடியாது. எந்தப் பேருந்து, எந்த நிறுத்தத்தில், எந்த மாதம் நிற்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிளஸ் டூ முடித்த ஒருவர் பி.எஸ்சி.க்கு 3 ஆண்டு, எம்.எஸ்சி.க்கு 2, முனைவர் பட்டத்துக்கு 5 என்று படித்தால், தனியாக ஓர் ஆய்வை நடத்தும் நிலைக்கு வர 10 ஆண்டு ஆகும். இன்னும் பத்தாண்டு கழித்து ஓர் அணு உலைக்கோ தடுப்பூசி ஆய்வகத்துக்கோ ஆள் வேண்டுமென்றால், அந்த ஆள் இன்றைக்கே ஏதோ ஒரு கல்லூரியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்தப் பத்தாண்டு வாய்க்காலில் வழியெல்லாம் உடைப்பு. பிளஸ் டூ முடிந்ததும் ஒரு கூட்டம் இன்ஜினீயரிங், மருத்துவம் என்று போய்விடும். பி.எஸ்சி. முடிந்ததும் இன்னொரு கூட்டம் வங்கித் தேர்வுக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போகும். முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பலர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவார்கள். கல்யாணம், குழந்தை என்று பெண்கள் விலக நேர்வதும் உண்டு. தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொரு உடைப்பிலும் மண் கொட்டியாக வேண்டும். இந்திய அரசின் அறிவியல் உதவித்தொகை, கோடைப் பயிற்சி, பயிற்சிப் பள்ளி எல்லாமே அப்படி ஓர் உடைப்பில் போட்ட மண்மூட்டைதான். எந்தத் திட்டம் எந்த உடைப்புக்கு என்று பார்த்தாலே, அது உங்களுக்கானதா இல்லையா என்பது விளங்கிவிடும்.

பள்ளியில்

இங்கே இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் மாணவரின் புதிய யோசனைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருவார்கள். ஆனால் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் அனுப்ப வேண்டும், அதுவும் பள்ளிக்கு ஐந்து யோசனைதான். ஆகவே முதலில் பிடிக்க வேண்டிய ஆள் அறிவியல் ஆசிரியர். இரண்டாவது, இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா'. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களில் நடக்கும். சமீப ஆண்டு அறிவிப்புகளின்படி, தேர்வில் பாதி எடை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு. கிராமப்புறப் பள்ளியில் படிப்பதற்கு மட்டுமே 15 சதவீதம். ஊராட்சிப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய கை கொடுப்பு. ஆனால் அறிவிப்பு வருவதே அந்தப் பள்ளிகளில் பலருக்குத் தெரிவதில்லை.

பிளஸ் டூ முடிந்ததும்: 'ஷீ' பெண்களுக்கு மட்டும் இல்லை

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-ல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின் உதவித்தொகைப் பிரிவுக்குப் பெயர் 'ஷீ'. உயர்கல்விக்கான உதவித்தொகை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. இதைப் பெண்களுக்கான திட்டம் என்று நினைத்து ஒதுங்கும் பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். இரு பாலரும் விண்ணப்பிக்கலாம்.

ஆண்டுக்கு 12,000 பேர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 நேராகக் கைக்கு. மீதி 20,000 கோடையில் ஒரு விஞ்ஞானியின் கீழ் செய்யும் ஆய்வுப் பணிக்காக. பி.எஸ்சி., எம்.எஸ்சி. சேர்த்து அதிகபட்சம் 5 ஆண்டு கிடைக்கும். அந்த 20,000 இருக்கிறதே, திட்டத்தின் உயிர் அதில்தான். பணத்துக்காக அறிவியல் படிப்பில் சேர்ந்தவரையும் ஒரு கோடையாவது ஆய்வகத்துக்குள் தள்ளிவிட வேண்டும் என்பது கணக்கு.

தகுதி பெற முக்கிய வழி, உங்கள் தேர்வு வாரியத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் முதல் 1 சதவீதத்துக்குள் வருவது. ஜே.இ.இ., நீட் போன்ற நுழைவுத் தேர்வில் முதல் 10,000 இடத்துக்குள் வந்தும் அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கிஷோர் வைக்யானிக் புரோத்சாஹன் என்ற உதவித்தொகைத் தேர்வைப் பற்றிப் பழைய கட்டுரைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்; அந்தத் தேர்வு 2022-ல் நிறுத்தப்பட்டு இன்ஸ்பயரோடு சேர்க்கப்பட்டது. அதற்குப் புத்தகம் வாங்க வேண்டாம்.

விண்ணப்பம் எங்கே அடிபடுகிறது? முதல் இடம், பாடம். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல், நிலவியல் (ஜியாலஜி), உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என 18 பாடங்களின் பட்டியல் உண்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அதில் இல்லை. பயோடெக்னாலஜியும் இல்லை. கல்லூரியில் சேருவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்தால் வருத்தம்தான் மிச்சம்.

இரண்டாவது இடம் நம் ஊருக்கே உரியது: இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் 'முருகன் கே', ஆதாரில் 'கே முருகன்', வங்கிக் கணக்கில் அப்பா பெயரை விரித்து 'முருகன் கருப்பசாமி'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தேர்வாகியும் பணம் வராமல் மாதக்கணக்கில் கிடப்பதற்கு இதுவே போதும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே மூன்றிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள். மூன்றாவது, ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலையும் கோடைப் பணி அறிக்கையையும் இணையத்தில் ஏற்றுவது. முதல் ஆண்டுப் பணம் வந்த சந்தோஷத்தில் இதை மறந்தால் அடுத்த தவணை நின்றுவிடும்.

கல்லூரி நடுவில்: கோடை ஆய்வு

இனி வருவதுதான் பலரும் 'இன்டர்ன்ஷிப்' என்று கேட்பது. ஒரு தேசிய ஆய்வகத்தில் நான்கு முதல் எட்டு வாரம் ஒரு விஞ்ஞானிக்குக் கீழே உட்கார்ந்து, அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையின் ஒரு துண்டைச் செய்வது. நோபல் பரிசுக்கான கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாடப் புத்தகத்தில் விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகியவருக்கு, விடை யாருக்கும் தெரியாத ஒன்றின் முன் எட்டு வாரம் உட்காருவது பிடிக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று கண்டறிவதே உண்மையான பலன். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அது தெரியவந்தால் நஷ்டம் அதிகம்.

இவற்றில் பரந்த வாசல், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கை. சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியும் டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளும் இதில் கூட்டு. எட்டு வாரம், நாடெங்கும் உள்ள ஆய்வு நிறுவனங்களில். விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் இறுதியோடு முடியும். மாணவர்கள் மட்டுமின்றி கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இதை ஆசிரியர்களிலேயே பலர் கவனிப்பதில்லை.

கணிதத்துக்கு 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். பயிற்சி முகாம் தனி ரகம். தேசிய உயர் கணித வாரியத்தின் பணத்தில், பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கி வைத்தது. நான்கு வாரமும் ஆசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். நோட்ஸ் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் பேச்சே இல்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் 'நியஸ்' அறிவியல் பயிற்சி, இளநிலை மாணவர்களுக்கானது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு 'ஸ்டிபாக்' என்ற கோடைப் பயிற்சி உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அடையாறு தோல் ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அந்தந்த நிறுவன இணையதளத்தைப் பார்க்க வேண்டும். அல்லது விஞ்ஞானிக்கே எழுதிக் கேட்க வேண்டும். இஸ்ரோவும் இன்டர்ன்ஷிப் தருகிறது. குறைந்தது 60 சதவீதம், அல்லது பத்துக்கு 6.32 சி.ஜி.பி.ஏ. வேண்டும் (ஆம், 6.32 என்றே எழுதியிருக்கும்), அதிகபட்சம் 45 நாள், உதவித்தொகை கிடையாது.

இத்தனை வாசலுக்கும் பூட்டு ஒன்றே: நீங்கள் எழுதும் 150, 200 சொல் பத்தி. மதிப்பெண்ணில் 85-க்கும் 88-க்கும் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது. அதனால் விஞ்ஞானி இந்தப் பத்தியைத்தான் படிக்கிறார். அதில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். கலாம் ஐயாவைப் போல நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன். தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் வாய்ப்புக் கிடைத்தால்..." இதில் எழுதியவர் எங்கே இருக்கிறார்? பெயரை மாற்றி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அதே மாணவர் இப்படியும் எழுத முடியும்: "நான்காம் செமஸ்டரில் நியூட்டன்ஸ் ரிங்ஸ் சோதனை செய்தபோது, கறுப்பாக வர வேண்டிய மையப் புள்ளி வெளிச்சமாக வந்தது. லென்சுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே தூசு இருந்திருக்கும் என்று நினைத்து, துடைக்கும் முன் ஒரு முறையும் துடைத்த பின் ஒரு முறையும் வளைய விட்டங்களை அளந்தேன். விட்டத்தின் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைந்தால், முதல் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. ஆனால் இரண்டு கோட்டின் சாய்வும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே வளைவு ஆரம் மாறவில்லை. மெல்லிய படலங்களின் தடிமனை ஒளிக் குறுக்கீட்டால் அளக்கும்போது இப்படி வரும் பிழையை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பழக விரும்புகிறேன்."

இந்தச் சோதனை தமிழ்நாட்டின் எல்லா இயற்பியல் துறையிலும் இருக்கிறது, தூசும் இருக்கிறது. புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு விஷயம் எதிர்பார்த்தபடி வராதபோது என்ன செய்தார் என்பது தெரிகிறது. தேர்வு செய்பவர் தேடுவது அதைத்தான். ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைத் திருத்தி 'சரியான' விடை எழுதிப் பழகியவருக்கு இந்தப் பத்தி வாய்க்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கண்டம் பரிந்துரைக் கடிதம். பல திட்டங்களில் ஆசிரியரே தன் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் மாலை ஆசிரியருக்குப் போன் போட்டால் அவர் ஊரில் கல்யாண வீட்டில் இருப்பார். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் மதிப்பெண் பட்டியல், எழுதிய பத்தி, அவர் பாடத்தில் நீங்கள் செய்த ஏதாவது ஒரு வேலை ஆகியவற்றை ஒரே தாளில் கொடுங்கள். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற இரண்டு வரிக் கடிதத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆசிரியரின் அலட்சியம் இல்லை. அறுபது பேரில் ஒருவரைப் பற்றி எழுத அவரிடம் விவரம் இல்லாததுதான்.

நேராக விஞ்ஞானிக்கு எழுதுவதானால் ஒருவருக்கு ஒரு கடிதம். நாற்பது முகவரியை ஒன்றாகப் போட்டு "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்று அனுப்பியது வாங்குகிறவருக்குத் தெரியும். அவருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரையில் உங்களுக்குப் புரிந்த ஒன்று, புரியாத ஒன்று என்று இரண்டு வரி, நீங்கள் வரக்கூடிய தேதிகள், மதிப்பெண், அவ்வளவு போதும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் ஆய்வகத்தில் நாற்காலி இல்லாமல் இருக்கலாம்.

தேர்வான பிறகும் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழும் முதல்வரின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். தேர்வுத் தேதி மாறிப் பயிற்சித் தேதியோடு மோதுவது நம் பல்கலைக்கழகங்களில் சகஜம். மோதினால் அன்றைக்கே ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள், சொல்லாமல் ஒரு வாரம் தாமதமாகப் போய் நிற்காதீர்கள். அணுசக்தி, விண்வெளித் துறை வளாகங்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கவே நாளாகும். பென்டிரைவ், கேமரா போன் போன்றவற்றுக்கு வாசலிலேயே கெடுபிடி இருக்கும். தங்கும் இடத்தையும் முன்பே கேட்டுவிட வேண்டும். எல்லா நிறுவனமும் ஹாஸ்டல் தராது.

'இஸ்ரோ சான்றிதழ்', 'மத்திய அரசு அங்கீகாரம்' என்று சொல்லிப் பணம் கேட்கும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் விளம்பரங்கள் நிறைய சுற்றுகின்றன. மேலே சொன்ன திட்டங்கள் எதுவும் சான்றிதழுக்கு விலை வைப்பதில்லை. அறிவிப்பு அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பட்டம் வாங்கிய பின்: சம்பளத்தோடு பள்ளிக்கூடம்

1944 மார்ச் 12 அன்று ஹோமி பாபா, டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இருபதாண்டு போல ஆகி, அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்காது, இங்கேயே தயாராக இருப்பார்கள் என்பது அதன் சாரம். அப்போது நாடு விடுதலை பெறவில்லை. உலகின் முதல் அணு உலை சிகாகோவில் இயங்கி ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. 1956 ஆகஸ்டில் மும்பை டிராம்பேயில் 'அப்சரா' என்ற ஆய்வு உலை இயங்கியது. அடுத்த ஆண்டே, 1957-ல், பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். முதலில் ஆட்களை உருவாக்கு, மின்சாரம் தரும் உலை பின்னால் வரும் என்ற யோசனை அது. இன்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பார்க்) பயிற்சிப் பள்ளி எனப்படும் அதற்குக் கல்பாக்கத்திலும் கிளை இருக்கிறது.

ஓராண்டுப் பயிற்சி. இன்ஜினீயரிங் பட்டதாரிகளும் எம்.எஸ்சி. முடித்தவர்களும் குறைந்தது 60 சதவீதத்தோடு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. தேறினால் நேரடியாக 'சயின்டிபிக் ஆபீசர்' பணி. மூன்றாண்டு வேலை பார்ப்பேன் என்று பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பயிற்சியில் தேவையான மதிப்பெண் எடுக்காவிட்டால் பணி கிடையாது, ஆகவே 'கிடைத்துவிட்டது' என்று படுத்துவிட முடியாது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று. கேட் (பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வு) மதிப்பெண், அல்லது அவர்களே நடத்தும் ஆன்லைன் தேர்வு, இரண்டில் ஏதாவது ஒன்றின் மூலம் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும். அழைப்பு வந்ததும் அந்த மதிப்பெண்ணின் வேலை முடிந்தது. இறுதிப் பட்டியல் நேர்முகத் தேர்வை மட்டும் வைத்துத்தான். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று பாடங்களைக் கேட்டு, அவற்றின் அடிமட்டம் வரை தோண்டுவார்கள். கோச்சிங் சென்டர் குறுக்குவழிகள் இங்கே கை கொடுக்காது. 'குவாண்டம் மெக்கானிக்ஸ் பிடிக்கும்' என்று கௌரவத்துக்குச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, வெப்ப இயக்கவியல் நன்றாகத் தெரியுமென்றால் அதைச் சொல்லிக் கரும்பலகையில் நிற்பது எவ்வளவோ மேல்.

விஞ்ஞானிகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வகம் ஓடாது. வெற்றிடப் பம்பைப் பிரித்துப் பூட்டவும், கதிர்வீச்சு அளவைப் பார்க்கவும், லேத்தில் நுணுக்கமாகக் கடையவும் ஆள் வேண்டும். அதற்காக அதே அணுசக்தித் துறை, பி.எஸ்சி., டிப்ளமோ படித்தவர்களையும் ஐ.டி.ஐ., பிளஸ் டூ படித்தவர்களையும் உதவித்தொகை தந்து பழக்கி, சயின்டிபிக் அசிஸ்டென்ட், டெக்னீஷியன் பணிகளில் அமர்த்துகிறது. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இந்த வாய்ப்பு இருந்தும், பி.எஸ்சி. முடித்து வேலை தேடும் பலர் இந்த அறிவிப்பைப் பார்க்காமலே விடுகிறார்கள். காரணம், அவர்கள் தேடுவது 'விஞ்ஞானி' என்ற சொல்லை.

இதற்கும் மேல்நிலையில் உள்ள உடைப்புகளுக்கு இரண்டு வரி. முனைவர் பட்டம் முடித்தவர் இங்கேயே தங்க, இன்ஸ்பயர் ஃபேகல்டி: 5 ஆண்டு, மாதம் 1,25,000 ரூபாய், அதற்குமேல் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி. குடும்பக் காரணத்தால் ஆய்வை விட்ட பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் காப்புரிமை சார்ந்த ஓராண்டுப் பயிற்சி குறிப்பிடத்தக்கது, ஏனென்றால் பைப்பெட்டை மறுபடி கையில் எடுக்காமலே அறிவியல் படிப்பைத் தொழிலாக்க அது வழி விடுகிறது.

கடைசியாக, எட்டு வாரம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரம். ஆய்வகக் குறிப்பேடு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அனுமதி கேட்டு உங்கள் பக்கங்களை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் தேதியும் பெயரும் (அதே இனிஷியல் விவகாரம்) சரியாக இருக்கின்றனவா என்று அலுவலகத்திலேயே நின்று பாருங்கள். வழிகாட்டியிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு அன்றைக்கே சொல்லி வையுங்கள். நவம்பரில் அடுத்த விண்ணப்பம் போடும்போது அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும். அதற்கு அடுத்த நவம்பரில் இருக்குமா என்பது சந்தேகம்.